சுரங்கத்துக்கு முன்னால் தீர்ந்த டீசல்

என் தங்கை ரூலி கோடையில் இரண்டு பெட்டிகளோடு வந்து என் வீட்டு மாடியறையில் ஏறிக்கொண்டாள். "ஒரு வாரம்தான் அண்ணே" என்றாள். இலை உதிர்ந்தது, கிறிஸ்துமஸ் மரம் வீட்டுக்குள் வந்து குப்பைக்கும் போய்விட்டது, அவள் இறங்கவில்லை. தங்கைமேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பால் லாரி ஓட்டுகிறவன். விடியுமுன் எழுந்து பண்ணை பண்ணையாகப் பால் எடுக்கப் போக வேண்டும். தலைக்கு மேலே ஒருத்தி ரேடியோவை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தால் எவன் தூங்குவான்? என் மனைவி வில்மாவுக்கோ பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம். என் சமையலறையில் எனக்கே நாற்காலி இல்லாமல் போயிற்று.

இவ்வளவுக்கும் காரணம் ரூலியின் கணவன் பெரெண்ட்.

நெதர்லாந்தில் எங்கள் கூவோர்டன் பக்கம் யாரைக் கேட்டாலும் பெரெண்டை நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். வீடு வீடாகப் போய் ஹீட்டர் பாய்லர் பழுது பார்ப்பவன். தனியாக இருக்கும் கிழவிகளிடம் பாதி நேரம் கூலியே வாங்க மாட்டான். ஒரு காப்பி, ஒரு பிஸ்கட், முடிந்தது. அதனால் அவனைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. கஞ்சனாக இருந்தால் எனக்கு எளிதாகப் புரிந்திருக்கும், திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவனுக்கு ஏமாறக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பொருள் ஓரிடத்தில் மலிவாகக் கிடைக்கும்போது இன்னோர் இடத்தில் வாங்கிவிட்டால், யாரோ எங்கோ உட்கார்ந்து தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவனுக்குத் தோன்றும். அதிலும் வண்டிக்கு டீசல் போடுவது என்று வந்துவிட்டால் அது ஒரு வியாதி.

எங்கள் ஊரில் எல்லோரும் ஜெர்மன் எல்லையைத் தாண்டிப் போய்த்தான் டீசல் போடுகிறோம். நான் போடுகிறேன், தேவாலயத்துப் பாதிரியாரும் போடுகிறார். அதில் தப்பில்லை. பெரெண்ட் எல்லையைத் தாண்டினாலும் முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்த மாட்டான். போனில் விலை பார்ப்பான். இரண்டு ஊர் தள்ளி இன்னும் மலிவு என்று அங்கே போவான். போய்ச் சேர்வதற்குள் அங்கே விலை ஏறியிருக்கும். ஜெர்மனியில் ஒரே நாளில் விலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இறங்கட்டும் என்று வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருப்பான்.

எங்கள் அம்மாவின் அடக்கத்தன்று அவன் செய்தது அதுதான். நேரம் நிறைய இருக்கிறது, போட்டுக்கொண்டே போய்விடலாம் என்று ரூலியைக் கறுப்பு உடையோடு உட்கார வைத்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப் போயிருக்கிறான். விலை இறங்கவில்லை. இவனும் இறங்கி வரவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தபோது நாங்கள் குழியை மூடிவிட்டுத் திரும்பி, கூடத்தில் காப்பியும் கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு கேக் துண்டை ரூலியிடம் நீட்டினார்கள். அவள் அதை வாங்காமல் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்கு அப்புறம்தான் மாடியறை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரெண்ட் எங்கள் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"ரூலி, பிப்ரவரி லீவுக்கு ஆஸ்திரியா போலாமா? மலையில அந்தப் பழைய வீட்டையே கேட்டு வெச்சிருக்கேன். பால்கனி வெச்ச வீடு."

ரூலி உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எந்த வழியா போறதா உத்தேசம்?"

"நேர் வழியா."

"உன் அகராதியில நேர் வழின்னா என்ன?"

"எங்கயும் திரும்ப மாட்டேன், ரூலி. டேங்க் காலியாகிற எடத்துல போட்டுக்கிட்டுப் போலாம். சத்தியமா."

"சத்தியம் என்ன வெலைக்கு வாங்கினீங்க?" என்றாள் வில்மா அடுப்படியிலிருந்து. "பார்டருக்கு அந்தப் பக்கமா?"

பெரெண்ட் அவளை முறைக்கக்கூட இல்லை. அவன் கண் ரூலியின் மேலேயே இருந்தது. ரூலிக்குப் பனிச்சறுக்கு என்றால் உயிர். குமரியாக இருந்தபோதே பனியில் பறப்பாள். பள்ளி நீச்சல் குளத்தில் வேலை. பள்ளிக்கு லீவு விட்டால்தான் அவளுக்கும் லீவு. பிப்ரவரியில் ஒரு வாரம் மலைக்குப் போவது ஒன்றுதான் அவள் வருடம் முழுவதும் எதிர்பார்ப்பது. அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "வரேன். ஆனா கேட்டுக்கோ. டீசலுக்காக என்னை இன்னொரு தடவை காக்க வெச்சேன்னா, திரும்பி வந்து நான் ஏறப்போறது இதே மாடிதான். அப்புறம் வக்கீல் பேசுவார். சரின்னா சொல்லு."

"சரி."

"அண்ணனும் வரணும்."

"நான் எதுக்கு? எனக்குச் சறுக்கத் தெரியாது" என்றேன்.

"பாதி தூரம் வண்டி ஓட்ட. மீதி தூரம் சாட்சிக்கு."

நான் மறுத்திருக்கலாம். ஆனால் இந்தப் பயணம் ஒழுங்காக நடந்தால் ரூலி தன் வீட்டுக்குப் போவாள், எனக்குத் தூக்கம் வரும். போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்த வாரங்களில் பெரெண்ட் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து நானே ஏமாந்தேன். சாயங்காலம் வருவான். எங்கள் மேசையில் உட்கார்ந்து ரூலியோடு சேர்ந்து சாமான் கட்டுவான். உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, வேர்க்கடலை வெண்ணெய், பாலாடைக்கட்டி, காப்பித்தூள், கழிவறைக் காகிதம்கூட. ஆஸ்திரியாவில் கடை இல்லையா என்று கேட்காதீர்கள். மலைமேல் ஒரு கிலோ உருளைக்கிழங்கு என்ன விலை விற்கும் என்று ரூலிக்கும் தெரியும். அந்த விஷயத்தில் அவளும் எங்கள் ஊர்க்காரிதான். போனை எடுக்காமல், விலை பார்க்காமல், தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இரண்டு கைகளையும் தொடையில் வைத்துக்கொண்டு பெரெண்ட் உட்கார்ந்திருப்பான். திருந்திவிட்டான் என்று நினைத்தேன். திட்டமெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்?

பள்ளி லீவு விட்ட சனிக்கிழமை கிளம்பினோம். ரூலி பின் சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். டேங்கில் கால்வாசிகூட இல்லை. அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் எவன் டேங்கை நிரப்புவான்? எல்லையைத் தாண்டியதும் முதலில் வந்த பங்கிலேயே திருப்பினான். போனைப் பார்க்கவில்லை. அடடா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு நான் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் குழாயை எடுத்து மாட்டிவிட்டான். டேங்க் நிரம்பினால் குழாய் 'டக்' என்று தானாக நிற்கும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"நெறைஞ்சிடுச்சா?"

"போதும், மச்சான். ஏறு."

போதும் என்றான். நிறைந்தது என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜெர்மனி முழுக்க எங்கள் மஞ்சள் நம்பர் பலகைதான். முன்னாலும் மஞ்சள், பின்னாலும் மஞ்சள், எல்லா வண்டி முதுகிலும் சறுக்குப் பலகை வைத்த நீளப் பெட்டி. நாடே காலியாகி மலைக்குப் போவது போலிருந்தது. எதிர்க்காற்று வேறு. பாதி வழியில் ஓட்டுநர் இடத்தை நான் வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது டீசல் முள்தான். இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை.

பின்னால் ரூலி விழித்துக்கொண்டு, லிக்கோரிஸ் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கியபடி, இளவயதில் தான் மரத்தில் மோதி விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரெண்டும் சிரித்தான். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வாயைத் திறக்க மனசு வரவில்லை. ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினேன். வண்டிக்குப் பின்னால் காற்றில் நின்றுகொண்டு ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றோம். ரூலி காசு போட்டுக் கழிவறைக்குப் போனாள். பெரெண்ட் புதர்ப்பக்கம் கிளம்பினான். நான் அவன் கோட்டைப் பிடித்தேன்.

"ஏன்டா நீ டேங்கை நிரப்பல?"

"மெதுவாப் பேசு, மச்சான்."

"முள்ளு எங்க நிக்குது பாத்தியா? எதுக்கு இது?"

அவன் முகத்தில் திருட்டுச் சிரிப்பு வந்தது. "ஆஸ்திரியாவுக்குள்ள நுழைஞ்சதும் ராய்ட்டேன்னு ஒரு ஊரு. அங்க டீசல் இதைவிட மலிவு. அது நம்ம வழியிலயே இருக்கு. எங்கயும் திரும்ப வேணாம். அவளுக்குக் குடுத்த வாக்கு தப்பல. அங்க போய்ச் சேர எவ்ளோ வேணுமோ அவ்ளோ போட்டிருக்கேன். கச்சிதமா."

"மேல பெட்டி கட்டியிருக்கியே, அது காத்தை வாங்காதா? எதிர்க்காத்து அடிக்குதே, அதுக்குக் கணக்கு வெச்சியா?"

"கொஞ்சம் கூடுதலாவே போட்டிருக்கேன்."

"அடுத்த பங்குல நிரப்பறோம். ரொம்பல்லாம் வேணாம், பத்து லிட்டர் போடு."

"ஹைவே பங்க்லயா?" நான் அவன் கிட்னியைக் கேட்டது போலப் பார்த்தான். "அவன் கொள்ளைக்காரன், மச்சான்! நின்னா பாக்கெட்ல கைய விடறான்!"

ரூலி வந்துகொண்டிருந்தாள். அவன் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் ஓட்டறேன், நீ தூங்கு" என்று சத்தமாகச் சொன்னான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். மலை கண்ணில் படும்போது நெடுஞ்சாலையின் கடைசி பங்க் வந்தது. நான் தொண்டையைச் செருமினேன். அவன் சாலையைப் பார்த்தான். முழங்காலால் அவன் காலை இடித்தேன். வண்டி நேராகப் போயிற்று. பங்க் பின்னால் போயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் பனி விழ ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. வண்டிகள் நின்றன. நாங்களும் நின்றோம்.

ஆஸ்திரிய எல்லையில் ஒரு சுரங்கப் பாதை உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் நெரிசல் என்றால் வாசலில் சிவப்பு விளக்கைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வண்டிகளை உள்ளே விடுவார்கள். லீவுச் சனிக்கிழமையில் அது நடக்கும் என்று எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். பெரெண்டுக்கும் தெரியும். ஆனால் அவனுடைய கச்சிதமான கணக்கில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

பத்து வண்டி நீளம் நகர்வோம், நிற்போம். டீசல் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்தது. பெரெண்ட் இடது கையை ஸ்டியரிங்கின் மேல் ஒரு தினுசாக வைத்து அதை மறைத்தான். நின்றபோதெல்லாம் இன்ஜினை அணைத்தான். பிறகு மெதுவாக ஹீட்டர் பொத்தானைத் திருகி அணைத்தான். கண்ணாடியில் ஆவி படிந்தது.

"ஏன் குளுருது?" என்றாள் ரூலி.

"ஹீட்டர் ஏதோ மக்கர் பண்ணுது."

"அப்படியா?"

"காத்து வர்ற குழாயில அடைப்பு இருக்கும்."

"ஊருக்கே பாய்லர் ரிப்பேர் பண்றவன் நீ. உன் வண்டி ஹீட்டர்ல அடைப்பா?"

பின் சீட்டில் போர்வை விலகும் சத்தம் கேட்டது. ரூலி இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, அவன் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ராய்ட்டேயா?"

"நம்ம வழியிலதானே இருக்கு, ரூலி. நான் எங்கயும் திரும்பவே இல்லையே."

"உனக்குத் தெரியுமா, அண்ணே?"

"மத்தியானம் தெரிஞ்சுது. நிரப்புன்னு சொன்னேன், கேக்கல."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கிப் பின்னால் நின்ற வண்டிகளை நோக்கி நடந்தாள். யாரிடமாவது கேனில் டீசல் இருக்கிறதா என்று கேட்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நானும் இறங்கிப் பின்னால் போனேன். எங்களுக்கு அடுத்து நின்ற வண்டியில் எங்கள் நாட்டு ஸ்வோலே ஊர்க்காரன் ஒருத்தன், சீப்ரண்ட் என்று பெயர், மனைவியோடு இருந்தான். கண்ணாடியை இறக்கினான்.

"டீசல் இருக்குமா? கேன்ல ஏதாவது?" என்று கேட்டாள் ரூலி.

அவன் அவளைப் பார்த்தான், எங்கள் நம்பர் பலகையைப் பார்த்தான், சிரித்தான். "ராய்ட்டேல போடலாம்னு வந்தீங்களா?"

"என் வீட்டுக்காரர் வந்தார்."

"இந்தாளும் அதுக்குத்தான் வந்தாரு" என்றாள் அவன் மனைவி, அவன் தோளில் ஓர் அடி வைத்து. "எங்க வண்டியிலயும் வெளக்கு எரியுது, பாத்துட்டுப் போங்க! கேன் வேற வெச்சிருக்காரு. என்ன கேனு தெரியுமா? காலி கேனு. ராய்ட்டேல போய் அதையும் நிரப்பிக்கணுமாம்!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குப் பின்னால் நின்ற வண்டியிலும் அதே கதை. அதற்கும் பின்னால் ஒருத்தன் கண்ணாடியை இறக்காமலே கையை விரித்தான். மலிவு டீசலுக்காகக் காலி டேங்கோடு ஒரு தேசமே அந்தச் சரிவில் பனியில் நின்றுகொண்டிருந்தது. சீப்ரண்ட் மட்டும் கொஞ்சம் அதிகம் வைத்திருந்தான் போல. அவன் வண்டி எப்படியும் ராய்ட்டே வரை போய்விடும் என்றான்.

அப்போது முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பெரெண்ட் இன்ஜினைத் திருகினான். இருமியது. மறுபடி திருகினான். இருமலும் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஹாரன்கள் கிளம்பின. காலி டேங்க் வைத்திருந்தவர்கள்தான் அதிகமாக அடித்தார்கள். நானும் சீப்ரண்டும் இன்னும் இரண்டு பேரும் தள்ளி, வண்டியை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

ரூலி பின்கதவைத் திறந்து தன் பையையும் சறுக்குக் காலணிகளையும் எடுத்தாள்.

"இவங்க அந்தப் பக்கம்தான் போறாங்க. பின்னால ஒரு எடம் இருக்காம்" என்றாள் என்னிடம்.

"ரூலி..." என்று வந்தான் பெரெண்ட்.

"பெரெண்ட், எனக்குக் குளுருது."

அவ்வளவுதான் சொன்னாள். சீப்ரண்டின் வண்டி எங்களைத் தாண்டிப் போனபோது அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. என் மாடியறை என் கண்ணுக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டது. இனி வசந்தம், கோடை, அடுத்த கிறிஸ்துமஸ், எல்லாம் அந்த ரேடியோவோடுதான்.

பழுது பார்க்கும் வண்டிக்குப் போன் செய்துவிட்டு நாங்கள் இருவரும் சாலையோர வேலிக்கு அந்தப் பக்கம் பனியில் நின்றோம். வண்டிக்குள்ளும் அதே குளிர்தான்.

"எங்கம்மா அடக்கம் பத்தாதாடா உனக்கு?" என்றேன். "ஒரு தடவை பட்டும் புத்தி வேணாமா? பத்து லிட்டர்டா! பத்து லிட்டர் போட்டிருந்தா இந்நேரம் அவ உன் பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருப்பா. அந்தப் பங்க்காரன் உன்கிட்ட என்ன கொள்ளையடிச்சிருப்பான், சொல்லு. ஒரு பீர் காசு! ஒரு பீருக்காகப் பெண்டாட்டிய விட்டவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

அவன் கேட்டுக்கொண்டு நின்றான். தொப்பியில் பனி சேர்ந்திருந்தது. திட்டித் திட்டி எனக்கு மூச்சு வாங்கியபோது மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், அவ பைய எடுத்துக்கிட்டு எறங்கினா பாரு, அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?"

"என்ன தோணுச்சு?"

"ஒரு ஆள் எடை கொறைஞ்சா டீசல் கொஞ்சம் மிச்சம்னு தோணுச்சு."

நான் அவனைப் பார்த்தேன்.

"சத்தியமா. டேங்க்ல ஒரு சொட்டு இல்ல. வண்டி ஓரமா நிக்குது. அவ போறா. அப்பவும் எனக்கு அதான் தோணுது. நான் நெனைக்கல மச்சான், அதுவா வந்துச்சு." அவன் வண்டிப் பக்கம் பார்த்தான். "எனக்கே பயமா இருக்கு."

நான் திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்தது இன்னும் நிறைய இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆறுதல் சொல்லவும் எனக்குத் தெரியாது. பையிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றான். நானே தின்றேன்.

பழுது வண்டிக்காரன் வந்து ஒரு கேன் டீசலை ஊற்றிவிட்டு ஒரு தொகை சொன்னான். பெரெண்ட் எண்ணிப் பார்க்காமல் வங்கி அட்டையை நீட்டினான். அதற்கப்புறம் போலீஸ் வண்டி ஒன்று வந்து, நெடுஞ்சாலையில் டீசல் இல்லாமல் நின்றதற்கு அபராதமும் எழுதியது. அதற்கும் வாய் திறக்கவில்லை. நான் ஓட்டினேன். இருட்டிக்கொண்டு வரும்போது சுரங்கத்தைத் தாண்டினோம். ராய்ட்டே வந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பங்குகள் விளக்குப் போட்டு ஜொலித்தன. விலை பெரிய எழுத்தில் எரிந்தது. நிஜமாகவே மலிவு. எங்கள் ஊர் வண்டிகள் எல்லாம் அங்கே ஈ மொய்ப்பதுபோல் நின்றன. நான் இண்டிகேட்டரைப் போட்டேன்.

"நிறுத்தாத" என்றான் பெரெண்ட்.

"என்னது?"

"போ, மச்சான். அவ அங்க தனியா இருக்கா. போ."

"அடேய், இங்கதான்டா மலிவு! இங்க போடாம எங்க போடறது? இனிமே கணவாய் ஏறணும், அங்கயும் நெரிசலா இருக்கும், இருக்கிறது அந்த ஒரு கேன்..."

"போன்னு சொல்றேன்ல!"

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள். போட வேண்டிய இடத்தில் போட மாட்டான், போடக் கூடாத அன்றைக்குப் போடுவான். ஊரே டீசல் போட்டுக்கொண்டிருந்த இடத்தைக் காலி டேங்கோடு தாண்டிப் போன ஒரே டச்சுக்காரன் அன்றைக்கு நான்தான். கணவாயில் நெரிசல் இருந்தது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. கிராமத்துக்குள் நுழையும்வரை நான் மூச்சை உள்ளேயே வைத்திருந்தேன். இந்தத் தடவை ஹீட்டரை மட்டும் அவன் அணைக்கவில்லை. நான் அணைக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டான்.

வீட்டுக்காரம்மா ரூலிக்குச் சாவி கொடுத்திருந்தாள். ரூலி மேசையில் சூப்போடு உட்கார்ந்திருந்தாள். பெரெண்ட் வாசலிலேயே நின்றான். காலணியைக்கூடத் தட்டவில்லை.

"ராய்ட்டேல நான் போடல" என்றான்.

"எதைப் போடல?"

"டீசல். நிறுத்தவே இல்ல. நேரா வந்துட்டோம்."

ரூலி கரண்டியைச் சூப்பிலேயே விட்டாள். "அங்க ஏன் போடல? அங்கதானே மலிவு?"

"உனக்கு..."

"முட்டாளா நீ? மலிவாப் போடாதேன்னா நான் சொன்னேன்? நானும்தான் அங்க போடுவேன். சீப்ரண்ட் போட்டாரு, அந்த அம்மா காப்பி வாங்கிக் குடுத்தா, அஞ்சு நிமிஷம், வந்துட்டோம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. என்னைக் காக்க வெக்காதேன்னு கேட்டேன். எங்கம்மாவை மண்ணுல வெக்கறப்ப நான் பங்க்ல உக்காந்து வெலை எறங்கக் காத்திருந்தேன். அதுக்கும் மலிவுக்கும் என்ன சம்பந்தம்?"

பெரெண்ட் தொப்பியைக் கழற்றினான். பிறகு, வேலியோரம் என்னிடம் சொன்னதை அவளிடமும் சொன்னான். அவள் இறங்கியபோது எடை குறைந்தது என்று தோன்றியதைச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இதை எவனாவது பெண்டாட்டியிடம் சொல்வானா? முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ரூலி சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?" என்றாள். "அன்னைக்குப் பங்க்ல உக்காந்திருந்தப்பவே தெரியும். உனக்குத்தான் தெரியாம இருந்துச்சு." அவள் எழுந்து போய் அடுப்பில் இருந்த சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்றை எனக்கு வைத்தாள். ஒன்றை அவனுக்கு வைத்தாள். "ஷூவைக் கழட்டிட்டு வா. தரையெல்லாம் தண்ணி."

அந்த ஒரு வாரமும் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ரூலி காலையில் சறுக்க மலைமேலே போவாள், மாலையில் சிவந்த முகத்தோடு இறங்குவாள். பெரெண்ட் அவளுக்கு முன்னாலேயே கீழே மலை லிஃப்ட் வாசலில் வந்து நிற்பான். நான் சரிவோரச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாசேஜ் தின்றேன். திரும்பும்போது முழு வழியும் ரூலிதான் ஓட்டினாள். எங்கே டீசல் போட்டாள் என்று எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன்.

எங்கள் தெருவுக்கு வந்ததும் என் வீட்டு வாசலில் நிறுத்தினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் என் பையை எடுத்தேன். அவள் இன்ஜினை அணைக்கவில்லை.

"எறங்கலையா?" என்றேன்.

"ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்டுல இருந்து பாக்கறேன், அண்ணே. என் சாமானெல்லாம் அப்படியே இருக்கட்டும். மாடியை யாருக்கும் குடுத்துடாத."

பெரெண்ட் பக்கத்து சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு நாளில் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றாவது இருக்கட்டும். வண்டி திரும்பிப் போயிற்று.

இப்போது மேலே யாரும் நடப்பதில்லை. இருந்தாலும் தூக்கம் வரவில்லை. அவளுடைய பெட்டிகள் அங்கேயே இருக்கின்றன. சாவியையும் அவள் திருப்பித் தரவில்லை. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. தெருவில் ஏதாவது வண்டி வேகம் குறைந்தால் காது தானாக நிமிர்கிறது. நிற்காமல் போய்விட்டால், சரி, இன்றைக்கும் அவன் ஒழுங்காக இருந்திருக்கிறான் என்று புரண்டு படுக்கிறேன்.